திகில் எழுத்தாளரை ஒரு எபிசோடுக்கு மட்டும் அழைக்கிறீர்களா?

ஏற்காட்டில் ஒரு பழைய பங்களா, பத்து எபிசோடு, அதில் ஒன்றை மட்டும் பேர்போன திகில் எழுத்தாளர் ஒருவர் எழுதித் தருவார். சேலத்தில் குறும்படம் எடுத்துப் பழகியவர்கள் வெப் சீரிஸ் பற்றிப் பேச உட்கார்ந்தால் இந்த யோசனை எப்படியும் எட்டிப்பார்த்துவிடும். நல்ல யோசனைதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் அறுபது வருடங்களுக்கு முன்பே செய்துபார்த்ததும்கூட. அவர்கள் எங்கெங்கே சறுக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு இறங்கினால் நமக்குச் செலவு மிச்சம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாவலைத் தொடராக்குவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து எழுதுவது வேறு. அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' நாவல் 1975-ல் வந்தது, 1979-ல் தொலைக்காட்சிக்குப் போனது. (நம்ம சேலத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.) அதற்குத் திரைக்கதை எழுதியவர் பால் மோனாஷ், கிங் இல்லை. நம் பக்கம் உடனே 'மர்மதேசம்' டிவி தொடரை உதாரணமாக எடுப்பார்கள். அதில் எழுத்தாளர் இந்திரா சௌந்தரராஜன் விருந்தாளி அல்ல, வீட்டுக்காரர். அதன் ஒரு பகுதியான 'விடாது கருப்பு' முழுக்க அவர் கதையின் மேல் நின்றது. பாத்திரங்கள் அவர் வளர்த்த பிள்ளைகள். ஒரே ஒரு எபிசோடு எழுத வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. யாரோ பெற்று வளர்த்த பிள்ளைகளை ஒரு நாள் மேய்க்க வேண்டும்.

அது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு, மல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் விளங்காத வழக்குகளைத் துப்பறியும் 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் ஐந்தாவது சீசனைப் பார்க்கலாம். 1998 பிப்ரவரியில் 'சிங்கா' என்ற எபிசோடு வந்தது. எழுத்து: ஸ்டீபன் கிங், கூடவே தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டர். கிங் கொடுத்த பிரதியைக் கார்ட்டர் நிறையவே திருத்தி எழுதினார். ஸ்கல்லி விடுமுறைக்கு மெய்ன் மாநிலத்துக்குப் போகிறார். ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் ஒரு தாயும், பொம்மையைக் கட்டிப்பிடித்த சிறுமியும் நுழைகிறார்கள். சற்று நேரத்தில் கடையில் இருப்பவர்கள் தங்கள் கண்களைத் தாங்களே பிறாண்டிக்கொள்கிறார்கள். அந்தக் காட்சி இன்றைக்கும் வேலை செய்கிறது. ஆனால் மெய்ன், சின்ன ஊர், வினோதமான குழந்தை எல்லாம் கிங் வாசகர்களுக்குப் பழகிய சரக்கு. 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரின் உயிர் வேறு இடத்தில் இருந்தது: மல்டரும் ஸ்கல்லியும் எதிரெதிரே நின்று, நம்புகிறேன், நம்பமாட்டேன் என்று முட்டிக்கொள்வது. இந்த எபிசோடில் மல்டர் எங்கோ உட்கார்ந்து போனில் பேசுகிறார். மோசமான எபிசோடு என்று சொல்லமாட்டேன், ஆனால் கிங்கும் முழுசாகக் கிடைக்கவில்லை, தொடரும் முழுசாகக் கிடைக்கவில்லை.

இன்னொரு அமெரிக்கத் திகில் எழுத்தாளர் ரிச்சர்ட் மாத்தசன் 1966-ல் 'ஸ்டார் ட்ரெக்' என்ற விண்வெளித் தொடருக்கு எழுதிய 'தி எனிமி விதின்' இதற்கு நேர் எதிர். பேய், பிசாசு எதையும் அவர் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. ஆட்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் கருவி அந்தத் தொடரில் ஏற்கெனவே இருக்கிறது. அது பழுதாகி, கப்பலின் கேப்டன் கிர்க்கை நல்லவர் ஒருவர், கெட்டவர் ஒருவர் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. வாராவாரம் சாதாரணமாகப் பார்த்த கருவி, நம்பிப் பழகிய நாயகன். பயம் அங்கிருந்தே வந்தது. என் கணக்கில் விருந்தினர் எழுத்தில் இதைவிடக் கச்சிதமான பாடம் இல்லை.

'சைக்கோ' நாவலை எழுதிய ராபர்ட் ப்ளாக்கும் அதே தொடருக்கு எழுதினார். 1943-லேயே லண்டனின் பழைய தொடர்கொலையாளி ஜாக் தி ரிப்பரை வைத்துச் சிறுகதை எழுதியவர், 1967-ல் அந்த ரிப்பரையே விண்வெளிக் கப்பலுக்குள் ஏற்றிவிட்டார். பழைய சரக்குதான். ஆனாலும் கப்பல் பொறியாளர் ஸ்காட்டியின் மேலேயே கொலைப்பழி விழும்படி செய்ததால் ஓரளவு தப்பித்தது. ஆகவே, "உங்க ஸ்டைல்ல ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவர் ஸ்டைல்தான் வரும், உங்கள் தொடர் வராது. முடிந்த எபிசோடுகள் இரண்டையும் பாத்திரங்களின் குறிப்பையும் கையில் கொடுத்து, "இவங்க எதுக்குப் பயப்படுவாங்க?" என்று கேளுங்கள்.

பணம் போடுகிறவர்களிடம் கதையைக் கடைசியில் காட்டுவது இன்னொரு தவறு. ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடருக்கு ப்ளாக் எழுதிய 'தி சார்சரர்ஸ் அப்ரென்டிஸ்' எடுத்து முடித்தபின்னும் அப்போது ஒளிபரப்பாகவில்லை. விளம்பரதாரருக்கு அதன் முடிவு கொடூரமாகப் பட்டது. பட்ஜெட்டும் அப்படித்தான். எழுத்தாளர் நீல் கெய்மன் 'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் அறிவியல் புனைவுத் தொடருக்கு எழுதிய எபிசோடு பணம் போதாமல் அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போய் 2011-ல் வந்தது, அப்புறம் அறிவியல் புனைவுக்கான ஹ்யூகோ விருது வாங்கியது. அவர்களால் ஒரு வருடம் காத்திருக்க முடிந்தது. நம்மால் பங்களா வாடகையை ஒரு வாரம் நீட்டிக்க முடியுமா?

பங்களா என்றதும் ஏற்காடு. எழுத்தாளரைச் சென்னையிலேயே உட்காரவைத்து எழுதச் சொன்னால் மூடுபனி, வெள்ளைச் சேலை, ஊஞ்சல் மூன்றும் நிச்சயம். எழுதும் முன் ஒரு தடவை மேலே கூட்டிப்போங்கள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கி லேடீஸ் சீட்டில் போட்டோ எடுத்துத் திரும்பும் பயணம் உதவாது. டிசம்பர், ஜனவரியில் காபிப் பழம் பறிக்கும் நேரத்தில் ஒரு எஸ்டேட்டில் சாயங்காலம் வரை இருக்கட்டும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும், அடியில் ஆளுயரக் காபிச் செடி, இரண்டு வரிசைக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. பறிக்கிறவர்கள் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பார்கள். அவர்கள் பயம் பேய்க்கு இல்லை, காட்டெருமைக்கு. கிளை ஒடிகிற சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்டபின்தான் அடுத்த செடிக்கு நகர்வார்கள். உங்கள் நாயகி அந்த எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவள் என்றால், அந்தக் காது கொடுத்தலிலேயே ஒரு எபிசோடு இருக்கிறது.

கடைசிப் பிரதி யார் கையில் என்பதை மட்டும் கூச்சப்படாமல் முதல் நாளே பேசிவிடுங்கள். பெரிய மனிதர், எப்படிக் கைவைப்பது என்று தயங்கி அப்படியே படமெடுப்பதும் தவறு, சொல்லாமல் மாற்றிவிட்டு முதல் காட்சிக்கு அவரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைப்பது அதைவிடப் பெரிய தவறு. மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனிக்குப் பாரதிதாசனே வந்து 'வளையாபதி' எழுதிய ஊர் நம்ம சேலம். பெரிய எழுத்தாளரை வைத்துப் படமெடுப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. இரண்டு முறை திருத்தித் தர வேண்டும், அதற்கு மேல் எங்கள் எழுத்துக்குழு கைவைக்கும், டைட்டிலில் இரண்டு பெயரும் வரும் என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். திருத்தத்துக்கும் சேர்த்தே சம்பளம் பேசிவிடுங்கள். இல்லையென்றால் முதல் பிரதி வந்த பிறகு அவர் உங்கள் போனை எடுக்க மாட்டார்.