உப்புக் காற்றில் ஒரு கார்: ராமநாதபுரம் கரைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

உச்சிப்புளியில் நான் வழக்கமாகப் போகும் மெக்கானிக், புது ஆள் யார் கார் கொண்டுவந்தாலும் முதலில் மீட்டரைப் பார்க்க மாட்டார். "வண்டி ராத்திரி எங்கண்ணே நிக்கும்?" என்றுதான் கேட்பார். கடலைப் பார்த்த வாசலா, ஊருக்குள்ளா, மேலே கூரை உண்டா, தென்னை மரமா என்றெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் பானட்டைத் திறப்பார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. எட்டு மாதம் கழித்து என் காரின் அடித்தகட்டுக்குள் விரல் போனபோது சிரிப்பு நின்றது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

நான் சார்ஜாவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இந்தக் கரையில் வந்து குடியேறுகிறவர்களில் என்னைப் போல வளைகுடாவிலிருந்து வருபவர்கள் உண்டு. தாத்தாவின் ஊரைத் தேடி மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருபவர்களும் உண்டு. தேவிபட்டினமோ கீழக்கரையோ மண்டபமோ, வந்து சில மாதங்களில் ஒரு கார் வாங்கிவிடுகிறோம். ஆனால் அந்த நாட்டுப் பழக்கத்திலேயே இங்கே கார் வைத்துக்கொள்கிறோம். அங்கேதான் சிக்கல்.

வளைகுடாவில் மூன்று வருடம் தாண்டிய காரை முல்கியா (அங்கத்துப் பதிவு அட்டை) புதுப்பிக்கும்போதெல்லாம் டெஸ்டிங்குக்குக் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூரில் மூன்றிலிருந்து பத்து வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு சோதனை, அதற்குமேல் வருடா வருடம். பிடிக்கிறதோ இல்லையோ, யாரோ ஒருவர் காரின் அடியில் குனிந்து பார்த்துவிடுகிறார். இங்கே சொந்த உபயோகக் காருக்குப் பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து வருடம் அந்த மாதிரிக் கட்டாயச் சோதனை கிடையாது. அதற்கப்புறம்தான் எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. நடுவில் புகைச் சான்றிதழ் எடுக்கிறீர்களே, அதில் புகையை மட்டும்தான் பார்ப்பார்கள். பிரேக்கையும் டயரையும் அடித்தகட்டையும் பார்ப்பதற்கு உங்களை விட்டால் ஆள் இல்லை.

உப்பு எங்கிருந்து வருகிறது

1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், துருவோடு மல்லுக்கட்டியே நூறு வருடம் தாண்டியது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, பாலிசிலாக்சேன் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தப் பாடு என்றால், நம் காரின் முக்கால் மில்லிமீட்டர் தகடு எம்மாத்திரம்?

கடல் காற்றில் வரும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் காலையில் எழுந்து கார் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், பிசுபிசுவென்று இருக்கும். கூரைமேல் படிந்தது மழையிலும் கழுவலிலும் போய்விடும். கதவின் அடி ஓரம், சக்கர வளைவின் உள்பக்கம், சைலன்சர் மாட்டியிருக்கும் கொக்கி, இங்கெல்லாம் படிந்தது போகாது. ஆகவே கார் கழுவுகிறவர் மேலே பளபளப்பாக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். அடியில் தண்ணீர் பாய்ச்சச் சொல்லுங்கள்.

அடுத்தது தண்ணீர். இந்தக் கரையில் பாதி இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றிவிட்டு, காய்ந்தபின் வெள்ளைத் திட்டாக நிற்கிறதே என்று பாலிஷ் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனாலும் கூச்சப்படாமல் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் வேறு கடை பாருங்கள். வேறு வழியில்லை என்றால் கடைசியில் இரண்டு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி அலசி, துணியால் துடைத்துவிடுங்கள். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் அதைக் காருக்கு ஊற்றினால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

ரேடியேட்டருக்கும் இதே கதைதான். குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். உள்ளே படிவு கட்டி அரித்துவிடும். கம்பெனி சொன்ன கூலன்ட் மட்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

சரி, விரல் உள்ளே போன கதை. வந்த வருடம் பாம்பனில் கரை இறங்கிய சீலா மீனும் நண்டும் வாங்கி, தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு டிக்கியில் வைத்து மதுரையில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெட்டியின் மூலையில் ஒரு வெடிப்பு. வழியெல்லாம் ஐஸ் உருகி, மீன் தண்ணீர் விரிப்புக்கு அடியில் இறங்கியிருக்கிறது. இரண்டு நாள் வாடை அடித்தது, ஊதுவத்தி ஏற்றி வைத்தேன், போய்விட்டது. எட்டு மாதம் கழித்து டயர் பஞ்சராகி ஸ்டெப்னியை எடுக்கப் போனால் நட்டு திரும்பவே இல்லை. ஸ்பானரில் ஏறி நின்று ஒருவழியாகச் சுற்றி, சக்கரத்தைத் தூக்கினால் அடியில் தகடு பிஸ்கட் மாதிரிப் பொரிந்து கிடந்தது. ஆள்காட்டி விரலை வைத்தேன், உள்ளே போய்விட்டது. கீழே தார் ரோடு தெரிந்தது. டிங்கர் கடையில் வெட்டி ஒட்டி, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்க அந்த மீனைப்போலப் பல மடங்கு செலவானது.

இப்போது மீன் ஏற்றுவதென்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிதான், அடியில் தார்ப்பாய். ஸ்டெப்னி குழியின் அடியில் பெரும்பாலான கார்களில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். மாதம் ஒருமுறை விரிப்பைத் தூக்கிப் பார்த்து, ஈரம் இருந்தால் அந்த மூடியைக் கழற்றி வடித்துவிட்டு, காயவைத்து மறுபடி மாட்டுங்கள். கூடவே ஜாக்கி, ஸ்பானர் இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

தனுஷ்கோடிக்குப் போகாமல் யாரும் இருக்கப் போவதில்லை. 1964 புயலுக்குப் பிறகு பல பத்தாண்டுகள் மணலில்தான் போக வேண்டியிருந்தது. 2017-இலிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு. இரண்டு பக்கமும் கடல், காற்று மணலை வாரி அடிக்கும். கண்ணாடியில் மணல் படிந்திருக்கும்போது வைப்பரைப் போடாதீர்கள், கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள். போய்வந்த அன்று மாலையே அடிவரை கழுவிவிடுங்கள், மறுநாள் என்று தள்ளாதீர்கள். போட்டோவுக்காக மணலுக்குள் காரை இறக்குகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கயிறு கொண்டுபோங்கள்.

முள், பேட்டரி, பிரேக்

இந்த மாவட்டத்தில் டயரின் எதிரி ஆணி இல்லை, சீமைக் கருவேல முள். ரோட்டு ஓரமெல்லாம் கருவேலங்காடு. விறகு ஏற்றிப் போகும் வண்டியிலிருந்து விழும் ஒரு கிளை போதும். முள் ஏறிய உடனே காற்று இறங்காது. ஒடிந்த முனை உள்ளேயே இருந்துகொண்டு நான்கைந்து நாளில் மெதுவாக இறக்கும். ஒரே டயரில் மட்டும் வாரா வாரம் காற்று குறைகிறது என்றால் பஞ்சர் கடைக்காரரிடம் தொட்டியில் அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றழுத்தம் எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் அந்தத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்ப்பதுதான் சரியான அளவு. மே மாத மதியத்தில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பட்டன், அதாவது டயரின் மேல் வரிப்பள்ளம், 1.6 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது சட்டம். ஆனால் இங்கே ஓட்டம் குறைவு, பட்டன் தேய்வதற்குள் ரப்பர் வெயிலில் வெடித்துவிடும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1819 என்றால் 2019-இன் பதினெட்டாவது வாரம். அந்த டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் எனக்கு வேண்டாம்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கிறதா? எஞ்சினை அணைத்துவிட்டு முதலில் மைனஸ் வயரைக் கழற்றுங்கள். வெந்நீரில் ஆப்பச் சோடா கரைத்து ஊற்றிப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, வயரை மாட்டியபின் மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசியில். இதற்குப் பத்து நிமிடம் போதும். விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும்போது கார் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும் நிலைமை வராது.

காலையில் சக்கரத்துக்குள் பிரேக் டிஸ்க் ஆரஞ்சு நிறமாக இருந்தால் பதற வேண்டாம், மேலோட்டமான துரு. இரண்டு முறை பிரேக் அழுத்தினால் தேய்ந்து போய்விடும். அதற்குமேலும் கிறீச்சென்றால் காட்டுங்கள். பிரேக் ஆயிலுக்கு ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. கம்பெனிகள் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதைக் கடலோரத்தில் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. நம் கார்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிவாசல், சந்தை என்று வருடத்துக்கு மூவாயிரம்கூட ஓடுவதில்லை. 'இன்னும் ஓடவே இல்லையே' என்று சர்வீசைத் தள்ளிப்போடுகிறோம். இந்தக் கரையில் கார் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் அதிகம். மீட்டரைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்து சர்வீஸ் விடுங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள்

நான் முதலில் பார்த்த பழைய கார் கண்ணாடி மாதிரி மின்னியது. விற்கிறவர் எஞ்சினை உறுமவிட்டுக் காட்டினார். கூட வந்த மெக்கானிக் அதைக் காதில் வாங்காமல் டிரைவர் பக்கத்து விரிப்பைத் தூக்கினார், கதவின் ரப்பரைப் பிரித்தார், அப்புறம் ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் கீழ்ப்பகுதியில் வைத்தார். காந்தம் ஒட்டாமல் தொப்பென்று விழுந்தது. தகடு போய், பட்டியால் நிரப்பிப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். எதுவும் பேசாமல் டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். ஒரு காந்தம் இருபது ரூபாய்.

காகிதங்கள்

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், லைசென்ஸ் நான்கும் போனில் அரசின் டிஜிலாக்கர் ஆப்பில் இருந்தால் போலீஸ் சோதனையில் செல்லும். புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத் தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். ஆனால் உங்கள் காருக்கான சொந்தச் சேதக் காப்பு பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். மூன்று வருடம் எல்லாமே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பலர் விட்டுவிடுகிறார்கள். வெளி மாநிலப் பதிவுக் கார் என்றால் பன்னிரண்டு மாதத்துக்குமேல் இங்கே வைத்திருக்க டி.என். 65-க்கு மாற்ற வேண்டும். இன்டர்நேஷனல் பெர்மிட் ஒரு வருடம் வரைக்கும்தான். இந்திய லைசென்ஸ் காலாவதியாகி ஒரு வருடம் தாண்டியிருந்தால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். துபாயில் இருபது வருடம் ஓட்டினேன் என்ற கதை அங்கே எடுபடாது.

வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. இங்கே இடதுபக்கம் ஓட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆனால் உங்கள் கைக்குத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் ஆடு, மாடு, விளக்கில்லாத மாட்டு வண்டி எல்லாம் வரும். முகப்பு விளக்குக் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் மாற்றுங்கள் அல்லது பாலிஷ் போடுங்கள். பின் சீட்டிலும் பெல்ட் போடுங்கள். அவசரத்துக்கு 108, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033. பாம்பன் ரோட்டுப் பாலத்தின் நடுவில் காரை ஓரங்கட்டிக் கடல் பார்க்காதீர்கள், பின்னால் வரும் பஸ்ஸுக்கு இடம் இருக்காது.

மூன்று மாதம் வெளிநாடு போகும்போது

பிள்ளைகளைப் பார்க்கப் போய்விட்டு வருகிறவர்கள் நம்மில் அதிகம். போவதற்கு முன் காரைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும், உறையே இல்லாமல் ஓலைக் கொட்டகையில் நிற்பது மேல். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும்போது ஒட்டிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். முடிந்தால் சொந்தக்காரப் பையன் யாரிடமாவது சாவியைக் கொடுத்து வாரம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டச் சொல்வது இதையெல்லாம்விட நல்லது. அப்படி என்றால் வயரைக் கழற்ற வேண்டாம், அவனுக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்ததும் நேராகச் சாவியைத் திருகாதீர்கள். பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். என் சின்ன மாமா போன வருடம் மலேசியாவிலிருந்து வந்து அப்படித் திறந்தபோது, ஏர் ஃபில்டர் பெட்டிமேல் எலி கூடு கட்டியிருந்தது. பஞ்சு, வயர்த் துண்டு, பக்கத்து வீட்டில் காயப்போட்ட நெத்திலிக் கருவாடு பத்துப் பதினைந்து. மாமி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நமக்கு முன்னாடியே குடி வந்துருச்சுங்க."