அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சம்மர் செஷனில் சேருபவர்களுக்கு: எதை எப்போது முடிக்க வேண்டும்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்களில் பெரும்பாலோர் ஆகஸ்டில் தொடங்கும் ஃபால் பருவத்தில்தான் சேருகிறார்கள். மே கடைசியிலோ ஜூனிலோ தொடங்கும் சம்மர் செஷனில் முதன்முதலாகப் போய் இறங்குபவருக்குக் கைகொடுக்க ஆள் குறைவு. சீனியர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள், இல்லையென்றால் இன்டர்ன்ஷிப்பில் இருப்பார்கள். புதியவர்களுக்கான அறிமுகக் கூட்டமும் பல இடங்களில் ஆகஸ்டில்தான் நடக்கும். ஆகவே பல வேலைகளை நீங்களே, அதுவும் முன்கூட்டியே முடித்தாக வேண்டும்.

"கோடை வகுப்புதானே, லேசாகத்தான் இருக்கும்" என்ற நினைப்போடு போகவே கூடாது. பாடம் அதே பாடம், சிலபஸ் அதே சிலபஸ். நாள்தான் குறைவு, ஐந்து வார செஷனில் மூன்றில் ஒரு பங்கு. கணக்கைப் பாருங்கள். ஒரு கிரெடிட்டுக்கு (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு) வாரம் ஒரு மணி நேரம் வகுப்பு, இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு, அப்படி 15 வாரம் என்பது அங்கே பொதுவான அளவு. 3 கிரெடிட் பாடத்துக்கு மொத்தம் 135 மணி நேரம். வழக்கமான செமஸ்டரில் அது வாரத்துக்கு 9 மணி. பத்து வார செஷனில் 13.5 மணி, ஆறு வாரத்தில் 22.5 மணி, ஐந்து வாரத்தில் 27 மணி. ஐந்து வார செஷனில் இரண்டு பாடம் எடுத்தால் வாரம் 54 மணி நேரம். முழுநேர வேலை பார்ப்பவருக்கே வாரம் 40 மணிதான்.

இதனால் செஷனின் நீளத்தை முதலில் பாருங்கள். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் மூன்று, ஆறு, எட்டு, பத்து வாரம் என்று பல அளவுகளில் செஷன் வைத்திருக்கிறது. வேறு பல இடங்களில் ஐந்து வாரமாக இரண்டு செஷன், அவற்றுக்கு இணையாக ஒரு நீண்ட செஷன் என்று இருக்கும். ஒரே பாடம் இரண்டு நீளத்திலும் கிடைத்தால் புதியவர் நீண்டதை எடுப்பதே நல்லது. ஆசிரியரின் உச்சரிப்புக்குக் காது பழகவே ஒரு வாரம் போய்விடும். ஐந்து வாரத்தில் அந்த ஒரு வாரம் பாடத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

எந்தப் பாடம் சுருங்கிய காலத்துக்குப் பொருந்தும்? தினமும் தொட்டால் நன்றாகப் படியும் பாடங்கள் பொருந்தும்: மொழி, நிரலாக்கத்தின் அடிப்படை, புள்ளியியல் அறிமுகம். ஊறப்போட்டு யோசிக்க வேண்டிய பாடங்கள் பொருந்தாது. நிரூபணம் எழுதும் கணிதம், நிறைய வாசிப்பு உள்ள வரலாறு, பெரிய புராஜெக்ட் உள்ளவை இந்த ரகம். செமஸ்டரில் வாரம் 80 பக்கம் வாசிக்கச் சொல்லும் பாடம் ஐந்து வார செஷனில் வாரம் 240 பக்கம் கேட்கும். ஆய்வகம் உள்ள பாடத்தில் வாரம் ஒரு சோதனை என்பது மூன்றாகும். அறிக்கையை மறுநாளே கொடுக்க வேண்டியிருக்கும். அத்தகைய பாடத்தோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

ஆனால் எத்தனை பாடம் என்பது உங்கள் விருப்பம் மட்டுமல்ல, விசாவும் அதில் பேசும். ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்குக் கோடை பெரும்பாலும் விடுமுறை. அவர் ஒரு பாடம்கூட எடுக்காமல் இருக்கலாம். கோடையிலேயே படிப்பைத் தொடங்குபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்கு அது முதல் பருவம், முழுநேரப் படிப்புக்குரிய கிரெடிட்டை எடுத்தே ஆக வேண்டும். அந்த எண்ணிக்கை எவ்வளவு, இரண்டு செஷன்களிலும் எடுப்பதைச் சேர்த்துக் கணக்கிடுவார்களா என்பதைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சீனியர் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி முடிவெடுக்காதீர்கள். அவருக்குப் பொருந்தும் விதி உங்களுக்குப் பொருந்தாது. வளாகத்தில் வேலை செய்வதிலும் இதே வித்தியாசம்தான். விடுமுறையில் இருப்பவர் முழுநேரம் வேலை செய்யலாம். பருவம் நடக்கும்போது வாரம் 20 மணிதான் உச்சவரம்பு.

இன்னொரு பொறி ஆன்லைன் பாடம். கோடையில் நிறையப் பாடங்களை ஆன்லைனில்தான் நடத்துவார்கள். எஃப்-1 மாணவரின் முழுநேரக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரு ஆன்லைன் பாடம் அல்லது 3 கிரெடிட் மட்டுமே சேரும். பதிவு செய்யும்போது பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் நேரடியா, ஆன்லைனா, இரண்டும் கலந்ததா என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். கலந்த வகையாக இருந்தால் அது எந்தக் கணக்கில் சேரும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில் உள்ள படிப்பின் தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்பிருந்து நாட்டுக்குள் நுழையலாம். அதில் குறைந்தது பத்து நாளாவது முன்னால் போய்ச் சேருங்கள். கோடையில் கிழக்குக் கரைக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம், மேற்குக் கரைக்குப் பன்னிரண்டரை. உடம்பு அதற்குப் பழக ஒரு வாரமாவது ஆகும். வகுப்புக்கு முந்தின நாள் போய் இறங்கினால் முதல் குவிஸை அரைத் தூக்கத்தில் எழுத நேரிடும். விமானம் தள்ளிப்போய்த் தொடக்கத் தேதி தாண்டும் என்று தெரிந்தால், கிளம்பும் முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும்.

தடுப்பூசியைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் ஊசி இரண்டு தவணை கேட்பார்கள்; இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இடைவெளி வேண்டும். இதைப் பணம் கொடுத்தோ அவசரம் என்று சொல்லியோ குறைக்க முடியாது. ஆகவே மே மாதம் கிளம்புபவர் மார்ச்சிலேயே முதல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சிறுவயதில் போட்டிருந்து சான்று தொலைந்துபோயிருந்தால், ரத்தத்தில் எதிர்ப்பு இருப்பதைக் காட்டும் பரிசோதனையைப் பல இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். டெக்சஸ் போகிறீர்கள், வயது 22-க்குக் கீழ் என்றால், மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வகுப்பு தொடங்க 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சான்று போய்ச் சேரவில்லை என்றால் உங்கள் கணக்கில் 'ஹோல்ட்' விழும். ஹோல்ட் இருக்கும்வரை பாடத்தைச் சேர்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

மருத்துவக் காப்பீட்டிலும் தேதியைப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களின் ஆண்டுத் திட்டம் ஆகஸ்டில்தான் தொடங்கும். கோடைக்கெனத் தனித் திட்டம் வாங்க வேண்டுமா, அது எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று கேளுங்கள். நடுவில் இரண்டு வாரம் காப்பீடு இல்லாமல் இருப்பது, ஒரு எலும்பு முறிவுக்கு லட்சக்கணக்கில் கட்ட நேரிடும் ஆபத்து.

அறை கிடைப்பது கோடையில் சுலபம், சிக்கல் அது முடியும் தேதியில்தான். ஊருக்குப் போகும் மாணவர்கள் தங்கள் அறையைச் சில மாதத்துக்கு உள்வாடகைக்கு விடுவார்கள், வாடகையும் குறையும். ஆனால் கல்லூரி நகரங்களில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஜூலைக் கடைசியில் முடியும். உங்கள் ஃபைனல் தேர்வு ஆகஸ்ட் நடுவில் இருந்தால், தேர்வுக்குப் படிக்கும் வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டியிருக்கும். விடுதியிலும் கோடைத் தங்கல் முடிந்து ஃபால் அறை திறக்கும்வரை சில நாள் பூட்டிவிடுவது உண்டு. அறை எடுக்கும்போதே இந்த இடைவெளிக்கும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அறையை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்க்காமல், வீட்டு உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் முன்பணம் அனுப்பாதீர்கள். கிஃப்ட் கார்டில் பணம் கேட்பவர் நிச்சயம் ஏமாற்றுக்காரர்.

உணவுக்கூடங்களில் பாதி மூடியிருக்கும், வளாகப் பேருந்தும் கோடை அட்டவணையில் குறைவாக ஓடும். விடுதி அறையில் ரைஸ் குக்கரைத் தடை செய்திருக்கிறார்களா என்று ஊரிலிருந்து கட்டி எடுத்துப் போகும் முன்பே பாருங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் வகுப்பறை ஏசி நடுங்க வைக்கும். பையில் ஒரு ஸ்வெட்டர் இருக்கட்டும்.

பாடப்புத்தகம் முதல் நாளே கையில் வேண்டும். ஆர்டர் செய்து ஐந்து நாள் காத்திருந்தால் செமஸ்டர் கணக்கில் இரண்டு வாரத்துக்கு மேல் கையை விட்டுப் போகிறது. நூலகத்தில் 'கோர்ஸ் ரிசர்வ்' பிரிவில் சில மணி நேரத்துக்குக் கடன் தருவார்கள், இல்லையென்றால் மின்நூலை வாடகைக்கு எடுங்கள். இந்தியப் பதிப்பு மலிவுதான். ஆனால் பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண் மாறியிருக்கலாம். "அத்தியாயம் 4, கணக்கு 17" என்று ஆசிரியர் சொல்லும்போது நீங்கள் வேறொன்றைச் செய்து கொடுத்துவிடுவீர்கள்.

முதல் மூன்று நாள்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். முதல் நாள் மாலையே சிலபஸிலிருந்து எல்லாக் கெடுதேதிகளையும் அவற்றின் மதிப்பெண் சதவீதத்தையும் ஒரே தாளில் எழுதி, மேசைக்கு மேலே ஒட்டுங்கள். பருவத்தின் நடுவில் வரும் மிட்டெர்ம் தேர்வு பெரும்பாலும் மூன்றாம் வாரத்திலேயே வந்துவிடும். ஜூன் 19, ஜூலை 4 இரண்டும் விடுமுறை. அந்த நாள் பாடத்தை எப்போது ஈடுகட்டுவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடத்தைக் கைவிட்டு முழுப் பணமும் திரும்பப் பெறுவதற்கான கடைசி நாள் எது என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். செமஸ்டரில் இதற்கு ஒரு வாரம், இரண்டு வாரம் தருவார்கள். குறுகிய செஷனில் இரண்டு மூன்று நாளிலேயே முடிந்துவிடலாம். அதற்குப் பிறகு விட்டால் பணமும் போகும், மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' (பாடத்திலிருந்து விலகினார்) என்றும் பதிவாகும். எஃப்-1 மாணவர் பாடத்தை விடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதி வாங்கியாக வேண்டும். கேட்காமல் விட்டு முழுநேர அளவுக்குக் கீழே போனால் விசா நிலையே பறிபோகும். மதிப்பெண்ணைப் போல அதை அடுத்த பருவத்தில் சரிக்கட்ட முடியாது.

அன்றாட முறை இப்படி அமையட்டும்: காலையில் வகுப்பு, சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் அன்றைய குறிப்பைத் திருப்பிப் பார்ப்பது, மாலையில் வீட்டுப்பாடம், படுக்கும் முன் மறுநாள் பாடத்தை மேலோட்டமாக வாசிப்பது. சனி ஞாயிறு மொத்தமாகப் படிக்கலாம் என்ற நம் கல்லூரிப் பழக்கம் இங்கே எடுபடாது, ஏனென்றால் திங்கள்கிழமைப் பாடம் வெள்ளிக்கிழமைப் பாடத்தின் மேல்தான் நிற்கும். வாரம் நான்கு நாள் நடக்கும் ஐந்து வாரப் பாடத்தில் ஒவ்வொரு வகுப்பும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் செமஸ்டரின் ஒன்றரை வகுப்பு போகிறது. வர முடியாது என்றால் அன்று காலையிலேயே ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

மாணவர்களின் சந்தேகம் தீர்க்க ஆசிரியர் ஒதுக்கும் 'ஆபீஸ் ஹவர்ஸ்' நேரத்துக்கு முதல் வாரமே போங்கள். கோடையில் பாடம் நடத்துபவர் பல சமயம் முனைவர் பட்ட மாணவராக இருப்பார். வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்துக்குப் போய்விடுவார், தேடிப் பிடிப்பது கடினம். சந்தேகத்தைப் பொதுவாகச் சொல்லாமல், "இந்த வரி வரை புரிகிறது, இதற்கு அடுத்தது எப்படி வந்தது?" என்று காட்டிக் கேளுங்கள். கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் மூன்று நாளில் அது மூன்று அத்தியாயமாக வளர்ந்திருக்கும்.

செஷன் முடியும் முன் ஒரு வேலை. ஃபால் பருவத்தில் நீங்கள் பதிவு செய்த பாடத்துக்கு இந்தக் கோடைப் பாடம் முன்தேவையாக இருந்தால், மதிப்பெண் கணினியில் ஏறத் தாமதமாகும்போது உங்களை அந்தப் பாடத்திலிருந்து தானாகவே நீக்கிவிடக்கூடும். ஃபைனல் எழுதிய அன்றே துறை அலுவலகத்துக்குப் போய், மதிப்பெண் வரும்வரை இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.