வலிக்காத காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்

கால் வலித்தால் தைலம் தேய்க்கிறோம். வலிக்காத காலை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அறுபதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கு, இதுதான் பெரிய தவறு. நரம்பு மரத்துப்போனால் முள் குத்தினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது.

அதனால்தான் கால் குடைச்சலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைக்கும் வழக்கம் இவர்களுக்கு ஆகாது. 'இதமா இருக்கு' என்று உட்கார்ந்திருப்பார்கள், மறுநாள் பார்த்தால் கொப்புளம். கோயில் பிராகாரத்துக் கல்லில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு சுற்றுவதும் அப்படியே. காலையிலோ இருட்டிய பிறகோ போனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

அடுத்தது பிளேடு. கால் ஆணியையும் பித்தவெடிப்பையும் வீட்டிலேயே சீவி எடுப்பதில் சிலருக்குத் தனிப் பெருமை. மருந்துக்கடையில் கிடைக்கும் கால் ஆணி பிளாஸ்டரும் லேசுப்பட்டதல்ல. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் ஆணியோடு சேர்த்துப் பக்கத்து நல்ல தோலையும் அரிக்கும். மரத்த காலில் அது புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியவரும்.

வெடிப்புக்குக் குளித்ததும் தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் விரல் இடுக்கில் தடவ வேண்டாம், ஈரம் தங்கிச் சேற்றுப்புண் வரும். இடுக்கைத் துணியால் ஒற்றித் துடையுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். குனிய முடியாவிட்டால் பேத்தியிடம் நகவெட்டியைக் கொடுப்பதில் என்ன கூச்சம்?

அப்புறம் செருப்பு. நம் வீடுகளில் தேய்ந்துபோன ரப்பர் செருப்புக்கு ஒரு பதவி உண்டு: பாத்ரூம் செருப்பு. வழுக்கும் தரைக்கு அடிப்பக்கம் வழவழத்துப்போன செருப்பு! இடுப்பெலும்பு உடைய வேறு காரணம் வேண்டாம். அதைத் தூக்கிப் போடுங்கள். புதிது வாங்கும்போது பழைய நம்பரைச் சொல்லாதீர்கள். வயதாக ஆகப் பாதம் தட்டையாகி அகலும், சாயங்காலம் இன்னும் கொஞ்சம் வீங்கும். அந்த நேரத்தில் கடைக்குப் போய், நின்றபடி போட்டுப் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு, குதிகாலில் வார் உள்ள எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரில் செய்தது, நல்லது.

வீக்கத்தை 'வயசானா அப்படித்தான்' என்று விடுவதும் தவறு. இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், சில நேரம் அம்லோடிபின் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே போக வேண்டும், ரத்தம் உறைந்திருக்கலாம். வீங்கும் காலில் மெட்டி இறுக ஆரம்பித்தால் உடனே கழற்றிவிடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் அங்கங்கே தொடுவார்கள், பட்டால் சொல்ல வேண்டும். சில நிமிட வேலை, வலி கிடையாது. டாக்டர் தானாகச் செய்யாவிட்டால் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.