புது பெட்டா மீனுக்கு நாம் செய்யும் தவறுகள்: முதல் சந்தேகம் வாளி மேல்

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பெட்டா நாலே நாள்தான் இருந்தது. கருநீல உடம்பு, சிவப்பு வால், கண்ணாடியில் விரலை வைத்தால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். ஐந்தாம் நாள் காலை தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது. குற்றம் மீன் மேலும் இல்லை, விற்றவர் மேலும் இல்லை. எங்கள் வீட்டு வாளி மேல்தான்.

அம்மா கும்பகோணத்தில் வளர்ந்தவர். குழாய்த் தண்ணீரை ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் விடிவதற்குள் குளோரின் பறந்துவிடும் என்பது அவர் கணக்கு. வெறும் குளோரினுக்கு அது சரிதான். சிங்கப்பூரில் செல்லாது. பொதுப் பயனீட்டுக் கழகம் இங்கே குழாய்நீரில் குளோரமைன் சேர்க்கிறது. குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள் அது. குழாயில் வெகுதூரம் வந்தாலும் நிலைத்து நிற்க வேண்டும் என்பதற்காகவே சேர்ப்பது. அப்படிப்பட்டது ஒரே ராத்திரியில் வாளியை விட்டு எங்கே போகும்? நாம் குடித்தால் ஒன்றும் ஆகாது, மீனுக்கோ அது செவுள் வழியாக நேரே ரத்தத்துக்குள் போய்விடும். போதாக்குறைக்கு, தண்ணீரைத் திறந்த வாளியில் அப்படியே மறந்துவிட்டால் கொசுப்புழு வரும். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டினால் அபராதமும் வரும்.

இதற்கு எளிய வழி ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து. எல்லா மீன் கடையிலும் இருக்கும், சில வெள்ளிதான். ஆனால் குளோரமைன் உடையும்போது அதிலுள்ள அம்மோனியா தனியாக வெளியே வரும். அதையும் அடக்கும் மருந்துதானா என்று லேபிளைப் படித்து வாங்குங்கள். சொட்டுக் கணக்கையும் லேபிள் சொல்லும், வாளியில் எத்தனை லிட்டர் என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ஒன்றரை லிட்டர் போத்தலால் அளந்து ஊற்றி, வாளியின் உள்பக்கம் பத்து லிட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த தவறு, கடையில் சின்னக் கப்பிலேயே உயிரோடு இருந்ததே, வீட்டிலும் சின்னக் கிண்ணம் போதும் என்று நினைப்பது. பெட்டாவின் தலைக்குள் லாபிரிந்த் என்ற ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாயால் காற்றை எடுத்து அதனால் சுவாசிக்கும். அதனால் சின்னக் கப்பில் மூச்சு முட்டாது, அவ்வளவுதான். அது போடும் கழிவு, மிஞ்சிய தீனி எல்லாம் அந்த ஒரு கோப்பைத் தண்ணீரிலேயே அம்மோனியாவாக மாறிக்கொண்டிருக்கும். இந்த மீனைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக 2019இல் அறிவித்த தாய்லாந்தில், அது வயல்களிலும் ஓடைகளிலும் வாழ்கிறது. ஆழம் கம்மி, ஆனால் ஓட இடம் உண்டு. நம் வீட்டில் குறைந்தது பத்து லிட்டர் கொடுங்கள். பதினைந்து, இருபது என்றால் உங்களுக்கே வேலை மிச்சம்.

புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்துக் குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா இருக்காது. அவை ஃபில்டரிலும் கற்களிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்கு முன்பே மீன் வந்துவிட்டதா? சரி, பரவாயில்லை. இரண்டு நாளைக்கு ஒரு முறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், தீனியைக் குறைத்துவிடுங்கள், தண்ணீரில் அம்மோனியா எவ்வளவு என்று காட்டும் ஒரு டெஸ்ட் கிட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி பழகிய பிறகு வாரம் ஒரு முறை மாற்றினால் போதும்.

நம் வீடுகளில் மீனைக் கொல்வது பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை, சுத்தம். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜன்னல், காற்றாடி, பூஜை அறை என்று வரிசையாகக் கழுவிக்கொண்டு வரும்போது மீன் தொட்டியும் அந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். மொத்தத் தண்ணீரையும் கொட்டி, கல்லைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிழிந்து பளபளவென்று வைத்தால், ஆறு வாரமாகக் குடியேறிய பாக்டீரியா மொத்தமும் குளோரமைனில் போச்சு. பஞ்சை அலச வேண்டுமென்றால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் அலசுங்கள். சோப்பு பக்கத்திலேயே வரக்கூடாது.

மீன் வீட்டுக்கு வரும் நாளில் அவசரம் வேண்டாம். பையைப் பிரிக்காமல் தொட்டி நீரில் கால் மணி நேரம் மிதக்கவிடுங்கள். அப்புறம் பையைத் திறந்து, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டி நீரை ஊற்றி, மீனை மட்டும் உள்ளே விடுங்கள். பைத் தண்ணீர் சிங்குக்கு. அன்றைக்கு விளக்கும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்.

வெப்பத்தைப் பொறுத்தவரை நமக்கு அதிர்ஷ்டம்தான். 24 முதல் 28 டிகிரி வரை பெட்டாவுக்குப் பிடிக்கும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் ஹாலில் ஹீட்டரே தேவைப்படாது. தொட்டியைப் படுக்கையறையில் வைத்துவிட்டு ராத்திரி ஏர்கானை 22இல் ஓடவிட்டால்தான் சிக்கல். பகலில் சூடு, இரவில் குளிர் என்று தினமும் ஏறி இறங்கினால் மீன் சுருண்டுவிடும். மத்தியான வெயில் விழும் ஜன்னலோரமும் வேண்டாம்.

டெங்கிக்காகப் புளோக்கைச் சுற்றிப் புகை அடிக்கும் நாளை யாரும் யோசிப்பதில்லை. பூச்சிமருந்து மீனுக்கு மிகக் கொடியது. ஜன்னலைச் சாத்துங்கள், தொட்டியை மூடுங்கள், காற்றடிக்கும் பம்ப் இருந்தால் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். கரப்பானுக்கு ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கும் இதேதான்.

தீனி விஷயத்தில் எங்கள் வீட்டில் யாருமே அதிகம் போடவில்லை. காலையில் அப்பா நாலு உருண்டை, பள்ளி விட்டு வந்ததும் மகள் நாலு, தொடர் பார்த்துக்கொண்டே அம்மா நாலு, வேலை முடிந்து வந்து நான் நாலு. இரண்டாவது பெட்டாவின் வயிறு புடைத்த பிறகுதான் கூட்டிப் பார்த்தோம். ஒரு வேளைக்கு இரண்டு மூன்று சின்ன உருண்டை, நாளுக்கு இரண்டு வேளை, அதோடு சரி. வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் தப்பில்லை.

தண்ணீரின் மேலே ஓரமாகச் சின்னச் சின்ன நுரை திரண்டிருந்தால் அழுக்கு என்று கரண்டியால் அள்ளிவிடாதீர்கள். முட்டைகளை வைக்க ஆண் மீன் எச்சிலில் கட்டும் கூடு அது. ஜோடி இல்லாவிட்டாலும் கட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பெண் மீன் வாங்கக் கிளம்பாதீர்கள், ஒரே தொட்டியில் விட்டால் துரத்திக் கடித்துவிடும். இரண்டு ஆண்கள் என்றால் சொல்லவே வேண்டாம்.

மூடி அவசியம், எகிறிக் குதிக்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விடுங்கள், மேலே வந்து காற்றெடுக்க வேண்டுமே. வளர்க்க முடியாமல் போனால் நீர்த்தேக்கத்திலோ கால்வாயிலோ விடாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

ஊருக்குப் போவதானால் மூன்று நாலு நாள் பட்டினியை நல்ல பெட்டா தாங்கும். அதற்கு மேல் என்றால் ஆள் வேண்டும், ஆனால் தீனி டப்பாவை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். நான் அப்பாவின் பழைய ஏழு நாள் மாத்திரைப் பெட்டியில் அளந்து போட்டு எதிர்வீட்டு மலாய்க்கார அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அறையை வேண்டுமென்றே காலியாக விட்டிருந்தேன். திரும்பி வந்து கேட்டால், பாவமாக இருந்தது என்று சனிக்கிழமைப் பங்கில் ஓர் உருண்டையை மிச்சம் பிடித்து ஞாயிற்றுக்கிழமை போட்டிருக்கிறார்.