சுரங்கப் பகுதியில் கிணற்று நீர் ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவைத்தான் (7 நடுநிலை, அதற்குக் கீழே போகப் போக அமிலம்). 7-ஐ ஒட்டி இருந்தால் தண்ணீர் நல்லாத்தான் இருக்கிறது என்று மூடி வைத்துவிடுவார்கள். சுரங்கம் பக்கத்தில் இருந்தால் அது போதாது, சல்பேட்டைப் பாருங்கள்.

காரணம் பைரைட் என்ற இரும்பு சல்பைடு. நிலக்கரியோடும், செம்பு, துத்தநாகம், தங்கம் கிடைக்கும் பல பாறைகளோடும் இது கலந்தே கிடக்கும். காற்றுப் படாதவரை தொல்லை இல்லை. தோண்டி, நீரை இறைத்துக் காற்றை உள்ளே விட்டதும் கந்தக அமிலமும் கரைந்த இரும்பும் உருவாகின்றன, பாக்டீரியாக்கள் வேறு அந்த வேலையை முடுக்கிவிடும். கலிபோர்னியாவின் அயர்ன் மவுண்டன் சுரங்கத்தில் பி.எச். மைனஸ் 3.6 வரை அளந்திருக்கிறார்கள்.

ஆனால் வழியில் சுண்ணாம்புக்கல் இருந்தால் கதை மாறும். அதிலுள்ள கால்சைட் என்ற கனிமம் அமிலத்தை முறித்துவிடும், பி.எச். 7-க்குத் திரும்பிவிடும், பெரும்பாலான இரும்பும் படிந்துவிடும். கந்தக அமிலத்திலிருந்து வந்த சல்பேட் மட்டும் போகாது, கால்சியமும் ஏறும், துத்தநாகம், மாங்கனீசு, சில இடங்களில் ஆர்சனிக்கும் கரைந்தபடியே வரலாம். பார்க்கத் தெளிவான நீர்தான்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற அளவில் சல்பேட்டை 48-ஆலும், கால்சியத்தை 20-ஆலும், மெக்னீசியத்தை 12.2-ஆலும் வகுங்கள், அப்போதுதான் மூன்றையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட முடியும். வகுத்து வந்த எண்களில் கால்சியம், மெக்னீசியம் இரண்டின் கூட்டுத்தொகை சல்பேட்டுக்குக் கிட்டத்தட்ட வந்தால் மேலே சொன்ன கதையாக இருக்கலாம். ஜிப்சம் என்ற கால்சியம் சல்பேட் கனிமம் கரைந்தாலும் இதே மாதிரிதான் வரும், அதனால் அங்கே என்ன பாறை என்று தெரியாமல் தீர்ப்பு சொல்லாதீர்கள். துத்தநாகமும் மாங்கனீசும் கூடவே உயர்ந்திருந்தால் சந்தேகம் பைரைட் மேல்தான். சல்பேட் ஏறிக்கொண்டே போக, பைகார்பனேட் வருடா வருடம் இறங்கினால் அமிலத்தை முறிக்கும் சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆர்சனிக்குக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 0.01 மி.கி., ஃப்ளோரைடுக்கு 1.5 மி.கி. கால்சியம் குறைந்த நீரில் ஃப்ளோரைடு அதிகம் தங்கும்.

சரி, மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுவது. இரும்பு நிறைந்த நீர் கிணற்றிலிருந்து தெளிவாகத்தான் வரும். பாட்டிலில் வைத்திருந்தால் மெல்ல மஞ்சளாகி அடியில் துருப்பொடி படியும், ஆர்சனிக்கும் அதில் ஒட்டிக்கொண்டு இறங்கிவிடும். அப்புறம் ஆய்வகம் மேல்நீரைச் சோதித்துக் குறைவாகத்தான் சொல்லும். அதனால் தேங்கிக் கிடந்த நீரை இறைத்துத் தள்ளிவிட்டு, பி.எச்., மின்கடத்துதிறன் இரண்டையும் அங்கேயே அளந்துவிடுங்கள். கரைந்த உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, பி.எச். 2-க்குக் கீழே போகும்வரை நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். சல்பேட், பைகார்பனேட்டுக்கு அமிலம் சேர்க்காத தனி பாட்டில். சுரங்கத்துக்கு மேல்பக்கம், நீரோட்டம் வரும் திசையில் உள்ள கிணறு ஒன்றிலும் மாதிரி எடுங்கள், இல்லாவிட்டால் இயற்கையாகவே இருந்தது எவ்வளவு, சுரங்கம் சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

மூடிய சுரங்கம் என்றால் இன்னும் உஷார். பம்பை நிறுத்தியதும் நீர்மட்டம் ஏறி, சுவர்களில் பூத்துக் கிடந்த உப்புகளை மொத்தமாகக் கரைக்கும். உலோக அளவு உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் அப்போதுதான், அந்தக் காலத்தில் மாதிரிகளை அடிக்கடி எடுங்கள்.