பிள்ளைகள் எழுதும் புத்தகத்தை நாமே அச்சடிப்பது எப்படி

மெஷின் வாங்கலாமா, ட்ரஸ்ட் பதியலாமா என்றெல்லாம் ஆரம்பத்திலேயே மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூரு அல்சூரில் பதிப்பகம் என்று பெயர் வைத்து நாங்கள் நடத்துவது ஒரு மொட்டைமாடி, இரண்டு பாய், நடுமடிப்பு வரை எட்டுகிற நீள ஸ்டேப்லர் ஒன்று, அவ்வளவுதான். அச்சு வேலை ஜெராக்ஸ் கடையில்.

முதல் நாளே கதை கேட்காதீர்கள், தாளைக் கொடுங்கள். நான்கு ஏ4 தாளை அடுக்கி நடுவில் மடித்தால் 16 பக்கம். 1 முதல் 16 வரை எண் போடச் சொல்லிவிட்டுப் பிரித்துக் காட்டுங்கள்: வெளித்தாளில் 16-ம் 1-ம் அருகருகே இருக்கும், அதன் பின்புறம் 2-ம் 15-ம். இந்த டம்மி கையில் இல்லாமல் கடைக்குப் போனால் பக்கம் மாறிவிடும், எங்களுக்கு இரண்டு தடவை மாறியிருக்கிறது. நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்; கதை 14 பக்கத்தில் முடிந்துவிட்டால் மிச்ச இரண்டில் எழுதினவர் தன்னைப் பற்றி எழுதட்டும்.

அப்புறம் மொழி. எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள், பள்ளியில் கன்னடமும் இங்கிலீஷும் எழுதுகிறவர்கள், பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அவர்கள் சொல்வார்கள், பெரியவர் ஒருவர் உட்கார்ந்து எழுதுவார். இங்கேதான் கை பரபரக்கும். ஒரு எட்டு வயசுப் பெண் "பாட்டி சாகு சாகு என்று சொல்லியும் அத்தை சோறு போட்டாள்" என்று சொன்னாள். கன்னடத்தில் சாகு என்றால் போதும். நான் பதறிப்போய் 'போதும் போதும்' என்று மாற்றி எழுதி வாசித்துக் காட்டினேன். "எங்க பாட்டி அப்படிப் பேசமாட்டாங்க" என்று தாளைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் சாகு அப்படியே நின்றது. பக்கத்தின் அடியில் அவளே சொல்லி ஒரு வரி சேர்த்தோம்: 'சாகு என்றால் போதும். பாட்டி நல்லா இருக்காங்க.' அன்றிலிருந்து எங்கள் விதி இதுதான்: எழுத்துப்பிழையைத் திருத்தலாம், அதுவும் கேட்டுவிட்டு; சொல்லைத் தொடக்கூடாது. நீதி போதனையைக் கடைசி வரியில் செருகுகிற அண்ணன், அக்காக்களை அன்பாக டீ வாங்க அனுப்பிவிடுங்கள்.

இப்படி விட்டால்தான் நல்ல கதை வரும். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 வருஷம் மூடியே கிடந்து 2009-ல்தான் திறக்கப்பட்டது என்று சொன்னதும், அத்தனை நாள் துணிக்குள் அவர் என்ன செய்திருப்பார் என்று ஒரு பையன் முழுப் புத்தகமே போட்டான். பெரும்பாலும் தூங்கியிருக்கிறார்.

படத்துக்குப் பென்சில் வேண்டாம், ஜெராக்ஸில் மங்கிவிடும். மஞ்சள் கிரேயான் காணாமலே போய்விடும். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடச் சொல்லி, 300 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் விடச் சொல்லுங்கள், கட்டிங்கில் ஒரு யானைக்குத் துதிக்கை போய்விட்டது, அந்தப் பையன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. எழுத்தை யூனிகோட் எழுத்துருவிலேயே அடியுங்கள், பிடிஎஃப்பாகக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது, ககர மகரமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். பக்கம் அமைக்க ஸ்க்ரைபஸ் என்கிற மென்பொருள் போதும், இலவசம். உள்ளே 80 ஜிஎஸ்எம் தாள், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் (ஜிஎஸ்எம் என்பது தாளின் கனத்தைச் சொல்கிற அளவு). மொத்தமாக வாங்குவதானால் பெங்களூரில் காகிதக் கடைகள் இருக்கிற சுல்தான்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள்.

எழுதினது எட்டு வயசானாலும் பதிப்புரிமை எழுதினவருடையதுதான். ஆனால் 18 வயது ஆகாதவர் ஒப்பந்தம் போட முடியாது, ஆகவே அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பக்கக் கடிதம் போதும்: எத்தனை பிரதி, அசல் படம் எப்போது திரும்ப வரும், விற்றால் காசு யாருக்கு எவ்வளவு. புத்தகத்தில் முதல் பெயரும் வயதும் மட்டும் போடுங்கள். பள்ளி, தெரு, போட்டோ எதுவும் வேண்டாம்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், வேண்டுமென்றால் டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையிடம் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. தெருவுக்குள் 50 பிரதி என்றால் அவசியமில்லை. முறையாக வெளியிட்டால், 1954-ஆம் வருஷச் சட்டப்படி 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் நம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். பார்சலைப் பிள்ளைகளையே ஒட்டச் சொல்லுங்கள்.

பிரதிகளை எங்கே வைப்பது? டெய்லர் கடை, சலூன், கிளினிக், ஆள் காத்திருக்கிற இடமெல்லாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை பொறுப்பு. சனிக்கிழமை போய் எத்தனை குறைந்திருக்கிறது என்று எண்ணி நோட்டில் எழுதிவிட்டு வர வேண்டும். முதல் 10 பிரதி மட்டும் எங்கேயும் வைக்காதீர்கள், அது எழுதின பிள்ளைக்கு.