இரண்டு மணல் நிறங்களில் ஒன்று

அறைக்குத் தேர்ந்த இரண்டு வெளிர் மணல் நிறங்களும் மாதிரி அட்டையில் இரட்டைப் பிள்ளைகள். சுவரில் தீட்டியதும் பகலில் இரண்டுமே மஞ்சளடித்தன. இரவில் விளக்கைப் போட்டால் எது எதுவென்றே தெரியவில்லை.

கைப்பேசியில் படமெடுத்து ஒப்பிடுவது வீண். கேமரா வெண்மையைத் தானாகச் சரிசெய்துகொள்கிறது. நிறத்தோடு தரப்படும் ஒளிப் பிரதிபலிப்பு எண்ணும் கைகொடுக்கவில்லை. 0 முதல் 100 வரையிலான அந்த எண், நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பியனுப்பும் என்றுதான் சொல்லும். சாயலைப் பற்றி வாய் திறக்காது.

வில்லன் பழைய சுவரின் இளநீலம். நீலத்தை ஒட்டி வைத்தால் இப்படிப்பட்ட வெளிர் நிறங்கள் இன்னும் மஞ்சளாகத்தான் தெரியும்.

பிறகு, தடித்த வெள்ளை அட்டைகளில் இரண்டு பூச்சு கொடுத்து, ஓரத்தில் நான்கு விரல் அகலம் வெள்ளையாகவே விட்டேன். நன்கு காய்ந்தபின் ஒவ்வொன்றையும் தனித்தனியாக, சுவரோடு செங்குத்தாக நிறுத்தினேன். மேசையில் படுக்கவைத்தால் ஒளி விழும் கோணமே வேறு.

குட்டு உடைந்தது தரையோரத்தில். நண்பகல் வெயில் செந்நிறத் தரையில் பட்டுத் தெறிக்க, ஓர் அட்டையின் கீழ்ப்பாதி கன்னத்துத் தோல்போலச் சிவந்தது. மற்றதில் இருந்த லேசான பச்சைச் சாயல் அந்தச் சிவப்பை விழுங்கிவிட்டது. மஞ்சளொளி தரும் 2700 கெல்வின் பல்பை எடுத்துவிட்டு, அதைவிட வெண்மையான ஒளி தரும் 4000 கெல்வின் பல்பைப் போட்டதும், இரவிலும் அதே வேறுபாடு தெரிந்தது. அப்பாடா!

பச்சைச் சாயலுள்ளதையே பூசியாகிவிட்டது. கூரைக்கு வெறும் வெள்ளை.